நான் வாங்கி வந்த வெளுப்பு

போர்வெல் வண்டியில் மேனேஜர் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. உண்மையில் என் வேலை இதுதான்: வடக்கே ஏதோ ஒரு காட்டில் வண்டி நின்று பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது, நிலத்துக்காரரிடம் தெரியாத பாஷையில் "இன்னும் அம்பது அடி போனா தண்ணி கேரண்டி" என்று சொல்வது. தண்ணீர் வராவிட்டால் அதே பாஷையில் திட்டு வாங்குவது. பல வருடமாக இரண்டையும் செய்ததில் எனக்குக் கைவந்த ஒரே கலை, தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவது. அந்தக் கலைதான் என் மனைவியின் முகத்தில் போய் விடிந்தது.

மழை பிடித்தால் வடக்கே வேலை நின்றுவிடும். வண்டி ஊர் திரும்பும். வரும் வழியில் அவரவர் வீட்டுக்கு ஏதாவது வாங்குவது வழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு சந்தையில்தான் அந்த டப்பாவைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்ட டப்பா, தங்க நிற மூடி, மூடியில் பாலில் ஊறப் போட்டு எடுத்த மாதிரி ஒரு பெண். சுற்றிலும் இடமிருந்து படிப்பதா வலமிருந்து படிப்பதா என்றே தெரியாத எழுத்து. ஓரத்தில் மினுமினுக்கிற ஸ்டிக்கர்.

எங்கள் போர் வண்டிக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஆயில் சீல் வாங்கினாலும் சரி, பேரிங் வாங்கினாலும் சரி, அட்டையில் தமிழ் இருந்தால் லோக்கல். இங்கிலீஷ் இருந்தால் பரவாயில்லை. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாவிட்டால் ஒரிஜினல். இந்த முறையில் பேரிங் வாங்கி நான் ஏமாந்தது குறைவு. முகத்துக்குப் பூசுகிற க்ரீமையும் அதே முறையில் வாங்கினேன். ஒன்றல்ல, ஒரு டசன்.

என் மனைவி கறுப்பு. நானும் கறுப்புதான். ஆனால் என் கறுப்பைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை, வெயிலில் வேலை செய்கிறவன் என்று அதற்கு ஒரு சர்டிபிகேட் உண்டு. அவளுக்கு அது கிடையாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே எங்கள் பக்கத்துச் சனம் "நெறம் கொஞ்சம் மட்டு, மத்தபடி நல்ல புள்ள" என்று சொன்னது. பக்கத்தில் ட்யூப் லைட் மாதிரி நான் உட்கார்ந்திருந்ததாக நினைப்பு. சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

டப்பாவை அவள் கையில் கொடுத்தபோது கேட்டாள்: "இது எதுக்குங்க?"

"எல்லாரும் போடறாங்க புள்ள. சும்மா போட்டுப் பாரு."

மீதி பதினொன்றை வாசலில் வைத்தே வினியோகம் செய்தேன். எதிர்வீட்டு அக்கா ஒன்று, தறிக்குப் போகிற பெண்கள் இரண்டு மூன்று, மாமியார் ஒன்று. தெருவில் எனக்கு அன்றைக்கு இருந்த செல்வாக்குக்கு வார்டு மெம்பராகவே நின்றிருக்கலாம்.

பத்து நாளில் அவள் முகம் வெளுத்தது. மந்திரம் மாதிரி வெளுத்தது. ஒருநாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்து, "என்ன புள்ள, ஆளே மாறிட்டே!" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அவள் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் கூடுதலாக மணத்தது எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷமாக இருந்தால் அவளுக்குப் பெருங்காயம் கைதவறும்.

அதற்கப்புறம் வருடா வருடம் ஒரு டசன் டப்பா வாங்கி வருவது என் கடமையாகிவிட்டது.

இந்த வருடம் வண்டி முன்னாடியே திரும்பிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சேலைத் தலைப்பை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் என்னைப் பார்த்து வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் நம்முடைய மூளை. மறுநாள் அடுப்படியில் தலைப்பு விலகியபோதுதான் பார்த்தேன். இரண்டு கன்னமும் தோலுரித்த தக்காளி மாதிரி இருந்தன. நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. தாடையோரம் பூனைமுடி முளைத்திருந்தது. அடுப்பின் சூடு பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"என்ன புள்ள இது?"

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு நாளு போடாம உட்டா எரியுது. போட்டா அடங்கிருது."

"எத?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க வாங்கியாந்ததத்தான்."

சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் டப்பாவைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"தெரியாதுங்க."

"யாரு தயாரிச்சது?"

"தெரியாதுங்க."

"உள்ள என்னென்ன சேத்திருக்காங்கன்னாவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"யாரு வாங்கிக் குடுத்தது?"

விடை தெரிந்த முதல் கேள்வி. "நாந்தாங்க."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். நிதானமாகச் சொன்னார். இந்த மாதிரி டப்பாக்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதுதான் பத்து நாளில் வெளுக்க வைக்கிறது. தோலை மெலிய வைக்கும், நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசினால் இன்னும் மெலியும். சிலதில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எதற்கும் சிறுநீர் சோதனை எடுத்துவிடலாம் என்றார். சோதனையில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று வரும்வரை நான் சாமிக்கு நேர்ந்துகொண்டதையெல்லாம் வரிசையாக நிறைவேற்றினால் எனக்கு மொட்டை அடிக்கத் தலை போதாது.

"இன்னையோட இதை விட்டுடணும். நான் குடுக்கறதை மட்டும் போடுங்க. கொஞ்ச நாளைக்கு எரியும், சிவக்கும், முன்னைவிடக் கறுப்பாகூடத் தெரியும். பயந்துட்டு மறுபடி தொட்டா, மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சரியாக ஆறு மாசம் ஆகலாம், கூடவும் ஆகலாம்."

அவள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ரெண்டு மாசத்துல தம்பி கல்யாணமுங்க டாக்டர்."

"தம்பிக்குத்தானே கல்யாணம்?" என்றார் டாக்டரம்மா.

அவர் நம்ம பக்கத்து ஆள் இல்லை போல. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்கு என்றே ஒரு சீர் உண்டு, இணைச்சீர். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மேடை அவளுடையது. கல்யாணப் பெண்ணுக்கு நிகராகப் பட்டும் நகையும் பூவுமாக, தலையில் பேழையோடு தம்பி பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை இவளிடம், இன்னொரு முனை அவனிடம். மண்டபமே இவள் முகத்தைத்தான் பார்க்கும். வீடியோக்காரன் விளக்கை இவள் மூக்குக்கு நேராகத்தான் பிடிப்பான். உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். தனக்குப் பதில் இன்னொருத்தி நிற்கட்டும் என்று அவள் சொல்ல வேறு ஆள் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ராசிபுரம் வரைக்கும் அவள் முகத்தைத் தலைப்பால் மூடியிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் மேடையேற மாட்டேன். இல்லாட்டி அதுவரைக்கும் போட்டுக்கறேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே உட்டர்றேன்."

"மறுநாள் உட முடியுமா உன்னால?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் இருந்த டப்பாவை நான் எடுத்துக் கழிவறைக்குள் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒரு நிமிடம் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, தெருவில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவளுக்கு வேண்டுமென்றால் எதிர்வீட்டு வாசலைத் தாண்டினால் போதும். சரி, கொடுத்தவனே திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

எதிர்வீட்டு அக்கா தறிப் பட்டறையில் இருந்தார். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்டீராய்டு, பாதரசம், சிறுநீரகம் என்று கத்தினேன். அக்கா தறியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏனுங் தம்பி, உங்கூட்டுக்காரி வெளுத்து முடிச்சாச்சு. இப்ப எங்களுது மட்டும் வெசமாப் போச்சாக்கும்?"

"இல்லீங்க்கா, அவளுக்கு மூஞ்சியே வெந்து போச்சு."

"போட்டது பத்தாம வெந்திருக்கும். எனக்கு ஒண்ணும் பண்ணுல பாருங்க."

அக்காவின் கன்னத்திலும் அதே சிவப்பு நூல் ஓடியிருந்தது. சொன்னேன். "அது ரத்த ஓட்டமுங்க தம்பி" என்றுவிட்டுத் தறியைப் போட்டுவிட்டார். நான் வாயசைத்துக்கொண்டு நின்றேன். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஒருத்தி, அடுத்த தடவை வரும்போது இரண்டாக வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். தண்ணீர் வரும் என்று நான் சொன்னதை முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் நம்பினார்கள். பூசாதே என்பதைச் சொந்தத் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை.

என் மனைவி முகத்துக்குப் பத்திரமான சோப்பும் க்ரீமும் வாங்குவது என் பொறுப்பாயிற்று. டாக்டரம்மா சொல்லியிருந்தார்: உள்ளே என்ன இருக்கிறதென்று போட்டிருக்க வேண்டும், செய்தவர் விலாசமும் லைசென்ஸ் நம்பரும் இருக்க வேண்டும், வாசனை குறைவாக இருக்க வேண்டும், வெளுக்க வைக்கும் என்று சொன்னால் தொடவே கூடாது. ராசிபுரத்தில் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். கடைசி விதியிலேயே கடையில் பாதி காலி. சோப்பு வெளுக்க வைக்கிறதாம். பவுடர் வெளுக்க வைக்கிறதாம். அக்குளுக்குப் பூசுகிறதுகூட வெளுக்க வைக்கிறதாம். அக்குளை யார் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைப் பெண் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, வாங்கறீங்களா, பரீட்சைக்குப் படிக்கறீங்களா?"

"கறுப்பா இருக்கறவங்களுக்கு, கறுப்பாவே வெச்சுக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குதா கண்ணு?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அவளும் மாநிறத்துக்கு ஒரு படி கீழேதான். "அப்படி யாருங்ண்ணா கேப்பாங்க?" என்றவள், இலைப் படம் போட்ட ஒன்றை நகர்த்தினாள். "இது எலை தழைல பண்ணுனது. ஒண்ணும் பண்ணாது."

"எருக்கஞ்செடியும் எலை தழைதான் கண்ணு." திருப்பிப் பார்த்தேன். விலாசம் இல்லை, லைசென்ஸ் இல்லை, ஏழு நாளில் பொலிவு மட்டும் இருந்தது.

கடைசியில் மருந்துக்கடையில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததையே வாங்கினேன். அதிலும் ஒரு வில்லங்கம். வெயிலுக்குப் பூசுகிற க்ரீம் அவள் முகத்தில் திருநீறு பூசின மாதிரி சாம்பலாக நின்றது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கறுப்புத் தோலில் இது எப்படித் தெரியும் என்று செய்தவன் ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை. வெயிலில் நிற்கிறவர்களே நாம்தான், நமக்கே பொருந்தாதென்றால் இதை யாருக்காகத்தான் செய்தானோ. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுக்கு அதே தேவலீங்க" என்றாள். அதே என்றால் எது என்று நான் கேட்கவில்லை.

முதல் மாதம் முழுக்க எரிந்தது. ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் விசிறிக்கொண்டு ஜோக் சொல்வேன். "சிரிக்க வெக்காதீங்க, சிரிச்சாலும் எரியுது" என்பாள். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமும் போயிற்று.

இரண்டாம் மாதத்தில் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னபடியே கன்னம் இரண்டும் திட்டுத் திட்டாகக் கறுத்தன. கல்யாண மேக்கப்புக்குப் பேசியிருந்த பியூட்டி பார்லர் பெண் வந்து பார்த்தாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசையாக இருந்த நிறமெல்லாம் சந்தனத்தில் ஆரம்பித்துப் பாலில் முடிந்தன.

"அக்காவோட கலருக்கு இங்க சரக்கே வர்றதில்லீங்க. ரெண்டு ஷேடு மேல போட்டு ஏத்திரலாம்."

என் மனைவியின் மணிக்கட்டில் கொஞ்சம் தடவிக் காட்டினாள். அவள் கையில் யாரோ ஒருத்தியுடைய தோலை ஒட்டின மாதிரி இருந்தது. முகத்தில் இப்போதைக்கு எதுவும் போடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதைச் சொல்லி அனுப்பிவைத்தோம். பெட்டியை மூடும்போது அந்தப் பெண், "அப்ப சும்மாவா மேடையேறுவாங்க?" என்று கேட்டாள். நியாயமான சந்தேகம். எங்களுக்கும் அதுதான்.

கல்யாணம் குமாரபாளையத்தில் ஒரு மண்டபத்தில். இணைச்சீருக்கு முன்னால், சாயங்காலம், அவள் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பட்டு கட்டியாகிவிட்டது, பூ வைத்தாகிவிட்டது. முகம் மட்டும் கழுவினபடி இருந்தது. மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தங்க மூடி டப்பாவை எடுத்தார்.

"நீங்க குடுத்ததுதானுங் மாப்ள. பத்திரமா வெச்சிருந்தேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பூசிக்கட்டும். சனம் என்ன நெனைக்கும்?"

"அத்தை, ஒரு தடவை பூசுனா உடனே வெளுக்காதுங்க."

"எரியறதாச்சும் அடங்கும்ல? செவப்பாச்சும் கொறையும்ல?"

அது உண்மைதான். அதுதான் அந்த டப்பாவின் சாமர்த்தியமே. அவள் டப்பாவை அம்மா கையிலிருந்து வாங்கினாள். திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க சொல்லுங்க. போடட்டுமா வேண்டாமா?"

வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

"வேண்டாம் புள்ள."

"அன்னிக்கு மட்டும் ஆளே மாறிட்டேன்னு சொன்னீங்க. அத்தன சந்தோசமாச் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி பதிமூணு வருசம் என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களா?"

மாமியார் மெதுவாக அறையை விட்டு வெளியே போனார். பாட்டுப்பெட்டியில் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில் தேடினேன். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை.

"சொல்லல புள்ள," என்றேன். "தப்புத்தான்."

அவள் எழுந்தாள். டப்பாவை என் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீங்களே சொமந்துட்டு இருங்க."

அப்படியே மேடையேறினாள். முகத்தில் டாக்டரம்மா கொடுத்த பசை, நெற்றியில் பொட்டு, வேறொன்றும் இல்லை. தலையில் பேழை, கையில் கூறைச்சேலையின் முனை. வீடியோக்காரன் விளக்கு அடித்தபோது கன்னத்தின் திட்டெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். அவள் கீழே பார்க்கவே இல்லை. தம்பி ஏதோ சொன்னான், சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இப்போது எரிவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குடும்பமாக ஃபோட்டோ எடுக்க என்னையும் மேலே கூப்பிட்டார்கள். போய் நின்றேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது.

திறந்ததும் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. இணைச்சீர் மேடையில் பேழையோடு டப்பா மூடியின் பெண் நின்றாள். திட்டு இல்லை, சிவப்பு இல்லை, கறுப்பும் இல்லை. இரண்டு மாதம் எரிந்து, திருநீறு க்ரீமைப் பூசி, அம்மாவை எதிர்த்து அவள் காப்பாற்றி வைத்த முகத்தை ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் ஒரு தட்டில் அழித்திருந்தான். ஒன்றை மட்டும் அழிக்கத் தெரியவில்லை. குடும்பப் படத்தில் என் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை வேறா, தங்க மூடி தெளிவாக மின்னியது.

எதிர்வீட்டு அக்கா ஆல்பம் பார்க்க வந்தார். பக்கத்தைப் புரட்டினார். நிறுத்தினார். விரலை என் சட்டைப் பையில் வைத்தார்.

"பாத்தீங்களா! பையில டப்பாவ வெச்சுக்கிட்டு, பொண்டாட்டிய இத்தன வெளுப்பா நிறுத்திட்டு, எங்களுக்கு மட்டும் பாதரசம்னு கத உட்டீங்களே தம்பி."

நான் விளக்க விளக்க என் பொய் பெருத்துக்கொண்டே போனது. கம்ப்யூட்டர் என்றேன், மாமியார் என்றேன், முந்தானை முடிச்சு என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். ஆல்பத்தை அக்கா மடியிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் நின்றாள்.

"எது நானுங்க்கா? நல்லாப் பாருங்க. தொட்டுப் பாருங்க."

அக்கா தயங்கித் தொட்டார். அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

"நிறுத்துனா ரொம்ப எரியுமா சாமி?"

"எரியுமுங்க்கா. ஒரு மாசம் நல்லா எரியும். தானா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டீட்டுப் போறேன்."

அக்கா வீட்டுக்குப் போய் டப்பாவோடு திரும்பி வந்தார். பாதிதான் இருந்தது. அவளிடம் கொடுத்துவிட்டு, "கழுவிட்டு மூடிய மட்டும் குடுத்துரு கண்ணு, குங்குமம் வெச்சுக்கறேன், அழகா இருக்குது" என்றார்.

"மூடியும் வேண்டாமுங்க்கா" என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய், அந்தக் குடும்பப் படத்தை மட்டும் எடுத்தபடியே போட்டுக் கொடுக்கச் சொன்னேன். "கலர் ஏத்தச் சொல்லித்தானுங்க எல்லாரும் வருவாங்க. எறக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன், பதினாறு வருடத்துக்கும் சேர்த்து. "இதுல நீ நல்லா இருக்கற புள்ள" என்பதுதான் அது. சொன்னேன்.

அவள் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்கதான் ரொம்பக் கறுப்பா உழுந்திருக்கீங்க" என்றாள்.

கடைசியாக வாங்கி வந்த டசனில் இதுவரை திரும்பி வந்தது மூன்று. படத்தைக் கொடுத்த அன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் சரியாகத்தான் இருந்தது, கை தவறவில்லை. நான்தான் இரண்டு தடவை வாங்கி மோந்து பார்த்தேன்.